கொண்டி தூக்குகிறவர்கள்

மாதா கோவில் திருவிழாக் கொடியை இறக்கின மறுநாள், பொழுது இருட்டி, நங்கூரத் தெருவின் இருபத்திரண்டு வீடுகளிலும் ஜெபமாலை முடிந்து, குக்கர் விசிலும் டிவி சீரியல் அழுகையும் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்த எட்டு மணிக்கு, தெருவின் முதல் வீட்டுக் கதவில் கொண்டி தூக்கப்பட்டு விழுகிற சத்தம் கேட்டது. அது அடங்குவதற்குள் இரண்டாம் வீட்டுக் கொண்டி, பிறகு மூன்றாம் வீட்டுக் கொண்டி, இப்படி யாரோ ஜெபமாலை மணியை விரலால் நகர்த்துவதுபோல அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டே வந்து, பதினேழாம் வீட்டில் குழந்தைக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்த ஃப்ளாவியாவின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு தரம் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசி வீடு வரை போய் நின்றது.

ஃப்ளாவியா இட்லிக் கையோடு போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. குழாயடியில் படுத்திருந்த நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

தூத்துக்குடியில் உப்பளம் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்தத் தெரு. கப்பலில் வேலை பார்க்கிற ஆண்களின் தெரு. அவர்கள் வருஷத்தில் ஒன்பது மாதம் தண்ணீரிலும் மூன்று மாதம் வீட்டிலும் இருப்பார்கள். ஆள் கடலில் இருக்கிற வீட்டில் தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். கொண்டி மட்டும்தான், அதை வெளியிலிருந்தும் தூக்கலாம், உள்ளேயிருந்தும் தூக்கலாம். தாழ்ப்பாளைப் பின்னுக்குத் தள்ளி, குருத்தோலை ஞாயிறன்று கிடைத்த ஓலைச் சிலுவையை அதன்மேல் வைத்து நூலால் கட்டிவிடுவார்கள். ஆள் திரும்பி வந்த அன்றைக்கு அவனே அந்த முடிச்சை அவிழ்த்துத் தாழ்ப்பாளைப் போடுவான், அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெரு சிரித்துக்கொள்ளும். ஆள் வரமாட்டான் என்று கப்பல் ஆபீசிலிருந்து தாக்கல் வந்த அன்றைக்கும் ஒரு தாழ்ப்பாள் விழும், அதைக் கேட்டுத் தெரு அடுப்பை அணைக்கும். நடுவில் இருக்கிற நாளெல்லாம் கொண்டிதான்.

இன்னொன்றும் உண்டு. கரையிலிருந்து கடலைக் கூப்பிடக் கூடாது. செல்போனில் மெசேஜ் அனுப்பலாம், அது கடிதம் மாதிரி. ஆனால் போன் அடித்துக் கூப்பிடக் கூடாது. எப்போதோ ஒரு பெண் கூப்பிட்டாளாம், கேட்டவன் தலையைத் திருப்பினானாம், அந்த நேரம் பார்த்து அறுந்த வடம் அவன் கழுத்தில் வீசினதாம். ஆகவே நங்கூரத் தெருப் பெண்களுக்கு வேலை இரண்டே: காத்திருப்பது, கடல் கூப்பிட்டால் எடுப்பது.

ஃப்ளாவியா இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்து நான்கு வருஷம். பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அங்கே கம்ப்யூட்டர் அறைக்குள் கோவிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், மௌசுக்கு வெல்வெட் துணியில் தைத்த உறை உண்டு. எழுதுகிறபோது உதட்டைக் கடிப்பதும், சாமான்களை அடுக்கி அடுக்கி வைப்பதும், தப்பாகப் பேசினவரைத் திருத்துவதும் அவளுக்கு அங்கே ஒட்டின பழக்கங்கள். அதனால்தான் அவள் புருஷன் கிளீட்டஸ் அவளை 'மிஸ்' என்று கூப்பிடுவான். வீட்டில் இருக்கிறபோது, அதுவும் தாழ்ப்பாள் போட்ட பிறகு மட்டும். கப்பலிலிருந்து பேசும்போது சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள், கேலி செய்வார்கள் என்று 'சொல்லு, ஃப்ளாவியா' என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

மூன்றாம் நாள், கொண்டி தூக்கியவர்கள் உள்ளே வந்தார்கள்.

இஸ்திரி போட்ட சாம்பல் நிறச் சட்டை, காலில் ஒன்றுமில்லை, முகம் என்று சொல்ல முடியாத ஒரு முகம், தூக்கத்தில் பார்த்து எழுந்ததும் மறந்துபோன ஆளின் முகம் மாதிரி. ஒரு வீட்டுக்கு ஒருவர். வாசலில் காலைத் துடைத்துக்கொண்டு வந்து, பீரோவின் கைப்பிடியை ஒரு தரம் அழுத்திப் பார்த்து, அரிசி டின்னின் மூடியைத் திருகிப் பார்த்து, மேசை இழுப்பறையை இழுத்துப் பார்த்து, நாள்காட்டியில் எழுதியிருந்த பால் கணக்கையும் பிறந்தநாட்களையும் முணுமுணுத்துப் படித்துவிட்டு, ஒன்றையும் எடுக்காமல், ஒருவரையும் தொடாமல், ஒன்பது மணிக்கு முன்னால் கொண்டியை மறக்காமல் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஃப்ளாவியா அந்த ஒரு மணி நேரமும் இரண்டு வயது செரீனாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அடுப்படி மூலையில் நின்றாள். குழந்தை மூச்சு முட்டி அழுதது.

தெரு இதைக் கண்டு கலங்கவில்லை. ஜெபமாலை சொல்லிக்கொடுக்கிற தெக்லா மைனி குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீரில் போன ஆட்கள்தான் இவர்கள், வேறு யார், எத்தனை பேரைக் கடல் வைத்திருக்கிறது, போனவர்களுக்கு வீட்டு நம்பர் மறந்திருக்கும், அதனால்தான் ஒவ்வொரு கொண்டியாகத் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று சொன்னாள். சொன்னதும் எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே வீட்டுக்கு வீடு உப்பில்லாத கஞ்சி வைத்தார்கள், கடலில் கிடந்தவர்களுக்கு உப்பு போதும் போதும் என்று ஆகியிருக்கும் அல்லவா. கோவில் மண்டபத்திலிருந்து பெஞ்சுகள் வந்தன. ஜெபமாலையில் அவர்களுக்கென்று பத்து மணிகள் கூடச் சேர்ந்தன. ஏழாம் வீட்டில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருந்த பழைய மாலுமி, வந்தவரிடம் எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று தினமும் விசாரித்தார். பதில் வராதபோது, பாவம், வாயில் தண்ணீர் போயிருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள், எட்டு மணி அடித்தால், சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவர்கள் நடந்து போக வழிவிட்டு எல்லோரும் காலை மடக்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். பதிமூன்றாம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் 'கடலிலிருந்து வருகிறவர்களும்' என்று ஒரு வரி அச்சடித்தே வந்தது.

ஃப்ளாவியா மட்டும் பயந்தாள். குழந்தை பிறந்த நாளிலிருந்தே எதற்கும் பயப்படுகிறவள் என்று தெருவில் அவளுக்குப் பெயர் உண்டு. இவர்கள் மேல் கடல் வாடை இல்லை, சூடேறின பிளாஸ்டிக் வாடைதான் வருகிறது என்று அவள் சொன்னபோது தெக்லா மைனி அவள் கன்னத்தைக் கிள்ளி, படிச்ச பிள்ளைக்கு மூக்கும் படிக்கும் போல என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. எட்டு மணிக்குத் தெரு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. முதல் வீட்டில் சத்தமில்லை. இரண்டில் இல்லை. ஒன்பதாம் வீட்டில் மட்டும் கொண்டி தூக்கி விழுந்தது. அந்த வீட்டில் மட்டும்தான் இன்வெர்ட்டர் உண்டு. செத்தவர்கள் வெளிச்சத்தைத் தேடி வருகிறார்கள் என்று தெரு சிலுவை போட்டுக்கொண்டது. ஃப்ளாவியா ஒன்பதாம் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். லைட் எரியவில்லை, அவர்கள் மிச்சம் பிடிப்பதற்காக அணைத்திருந்தார்கள். இருட்டில் சாம்பல் சட்டைக்காரர் பீரோ முன்னால் நின்றார். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிற அதே கணக்கில், சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த நெட் பெட்டியின் பச்சை விளக்கு மின்னி மின்னி அணைந்தது.

இருபத்திரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிப் பெட்டி. கேபிள்காரன் வேதமணி பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் மாட்டினது. செல்போன் சிக்னல் உப்பளத்தைத் தாண்டி அந்தத் தெருவுக்கு வருவதற்குள் செத்துப்போகும் என்பதால், கடல் கூப்பிடுகிற ஒவ்வொரு தரமும் அந்தப் பெட்டி வழியாகத்தான் கூப்பிட வேண்டும். அதற்குத் தெருவுக்கே ஒரே பாஸ்வேர்டு, குழாயடிச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது. ஆள் கடலில் இருக்கும்போது அதைப் பூட்டி வைப்பதும் தாழ்ப்பாள் போடுவதும் ஒன்று என்று அவர்கள் நினைத்தார்கள்.

வேதமணியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் பெட்டியைத் திருப்பி அடியிலிருந்த எழுத்தைப் படித்துவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"இதச் செஞ்ச கம்பெனிக்காரன் இத மறந்து ஆறு வருசம் ஆச்சு மைனி. உள்ள ஓடுற புரோகிராமுல ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் கிடையாது. இன்னேரம் எத்தன ஓட்டையோ. குடோன்ல வேற கேட்டாலும் இதத்தான் தருவாவ, நம்ம லைனுக்கு இதுதான் பேசும்."

"யார் வேணும்னாலும் உள்ள வரலாமா?"

"தெருவுல கதவு மட்டும் பூட்டியா கிடக்கு?" என்று சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். கொண்டிச் சத்தம் பதினாறில் விழுந்து, ஒரு மூச்சு நின்று, பதினெட்டில் விழுந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தபோதுதான் அது வியாழக்கிழமை, கிளீட்டஸ் கூப்பிடுகிற நாள் என்று ஞாபகம் வந்தது. ஓடிப்போய் வயரைச் சொருகினாள். பெட்டி கண்ணை விழித்தது, உடனே கொண்டியும் தூக்கப்பட்டது. கதவை அடைத்தால் அவனும் வெளியே, திறந்தால் அவர்களும் உள்ளே. அவள் அந்தச் சோற்றைச் சாப்பிடவில்லை.

அந்த வியாழன் அவன் கூப்பிடவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. மெசேஜ் அனுப்பினால் படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. கப்பல் ஆபீசுக்குப் பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோய்ப் போன் போட்டாள். கப்பல் நலமாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஆட்கள் நலம் என்றார்கள்.

அந்த நாட்களில்தான் வந்தவர்களுக்கு முகம் முளைக்கத் தொடங்கியது.

முதலில் பதினாறாம் வீட்டில், பெர்னத்தா அக்காவிடம் வருகிறவருக்கு. பெர்னத்தா அக்காவின் புருஷன் மிக்கேல் கடலில் போய்ப் பதினோரு வருஷம். ஆல்பத்தில் இருந்த அவர் போட்டோக்களையெல்லாம் அக்கா துபாயில் இருக்கும் மகனுக்குச் செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தாள். வந்தவருக்கு ஒரு நாள் மிக்கேலின் காது வந்தது, மறுநாள் மீசை வந்தது, வாரக்கடைசியில் மிக்கேலே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தெரு மேளம் வைக்காத குறைதான். தெக்லா மைனி தேங்காய்ச் சோறு பொங்கினாள். பெர்னத்தா அக்கா பதினோரு வருஷமாகப் படுக்கப் போகும்போது போட்டுவந்த தாழ்ப்பாளைப் பின்னுக்குத் தள்ளி, ஓலைச் சிலுவை வைத்துக் கட்டினாள். இனி கொண்டி போதும்.

பொழுது இருட்டாத ஒரு மத்தியானம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் ஃப்ளாவியாவிடம் தானாகவே சொன்னாள்.

"அவுக கைய எப்பவும் முதுகுக்குப் பின்னால வச்சிருக்காவ, பாத்தியா? போட்டோவுல எல்லாம் மார்போட நின்னுபோச்சு. கை இல்ல. அதான் கைக்கு என்ன செய்யன்னு அவருக்குத் தெரியல."

"அப்போ இது அவர் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாமலா பதினோரு வருசம் தனியாப் படுத்தேன்." அக்கா துணியை உதறிக் கொடியில் போட்டாள். "எனக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்லளா. வந்து உக்காந்துட்டுப் போறாவ, இருக்கட்டும். உனக்கு அப்படி இல்ல. உனக்கு ஆள் இருக்கு."

மறுநாள் பதினேழாம் வீட்டுக்கு வந்தவர் மணிக்கட்டில் கிளீட்டசின் கைக்கடிகாரம் இருந்தது. அதற்கு மறுநாள் அவன் இருமல். நான்காம் நாள் அவர் பீரோவைத் தொடவில்லை, அரிசி டின்னைத் திருகவில்லை, நேராகத் தொட்டில் பக்கம் போய்க் குனிந்து, 'செரீனா' என்றார். கிளீட்டசின் குரல்தான், ஒரு மூச்சு பிந்தி வந்தது, அவ்வளவுதான். குழந்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது.

ஃப்ளாவியா குழந்தையைப் பறித்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடி, உப்பளத்துக் கரையில் ஒன்பது மணி வரை நின்றாள்.

மறுநாள் காலையில் அவள் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பெட்டியின் அடியில் இருந்த எழுத்தை அப்படியே தட்டித் தேடினாள். கம்பெனிகள் கைவிட்ட பெட்டிகளுக்கு வேறு உயிர் எழுதுகிற ஆட்கள் உலகத்தில் இருந்தார்கள். எழுதினதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருப்பித் தரலாம் என்று பொதுவில் போட்டு வைத்திருந்தார்கள். அவர்களும் முகம் தெரியாத ஆட்கள்தான். ஆனால் இவர்கள் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் பொருளை வைத்துவிட்டுப் போகிறவர்கள். ஃபர்ம்வேர் என்று அவர்கள் சொன்ன அந்த உயிரை அவள் பெட்டிக்குச் செய்ய முடியுமா என்று கேட்டு எழுதினாள். ஒருவர் பதில் போட்டார்: அந்தப் பெட்டிக்குள் இருக்கிற இடம் நான்கே நான்கு மெகாபைட், இப்போதைய ஃபர்ம்வேர் அதில் நுழையாது, விட்டுவிடு. இன்னொருவர் அதற்குக் கீழே எழுதினார்: நுழையும், நீயே கட்டினால், எது இல்லாமல் வாழ முடியுமோ அதையெல்லாம் எடுத்துவிடு.

அன்றிலிருந்து பத்து நாள் அவள் அதைத்தான் செய்தாள். குழந்தை தூங்குகிற மத்தியானங்களில், ஹாஸ்டல் கம்ப்யூட்டர் அறையில் போலச் செருப்பில்லாத காலோடு உட்கார்ந்து, ஒரு நீளப் பட்டியலில் ஒவ்வொன்றாக அடையாளத்தை எடுத்தாள். பிரிண்டருக்கான பகுதி வேண்டாம். யுஎஸ்பிக்கானது வேண்டாம், பெட்டியில் அதற்குத் துளையே இல்லை. பார்த்துச் சொடுக்குகிற அழகான பக்கங்கள் வேண்டாம், அவள் எழுத்திலேயே கட்டளை கொடுத்துக்கொள்வாள். கட்டு என்று சொன்னால் லேப்டாப் விசிறி கதறக் கதற மூன்று மணி நேரம் ஓடிவிட்டு, கடைசியில் இடம் போதவில்லை என்று ஒரு வரி சொல்லி நிற்கும். மறுபடி பட்டியல், மறுபடி விசிறி. கதவைக் காக்கிற பகுதியை மட்டும் அவள் தொடவில்லை. அதில் இருந்த விதியை அவள் ஒரு தாளில் தமிழில் எழுதி அடுப்படியில் ஒட்டினாள்: 'உள்ளேயிருந்து கூப்பிட்டவருக்கு வருகிற பதிலை உள்ளே விடு. கூப்பிடாமல் வருகிற எதையும் விடாதே.'

சாயங்காலங்களில் எட்டு மணிக்கு முன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விடுவாள். பிள்ளைக்குத் தகப்பனைக் காட்டாமல் வைத்திருக்கிறாள், ஆள் தினமும் வந்து காலித் தொட்டிலைப் பார்த்துவிட்டுப் போகிறது என்று தெரு பேசியது. தெக்லா மைனி ஒருநாள் வழி மறித்தாள். புருஷன் எந்தக் கோலத்தில் வந்தாலும் புருஷன்தான் என்றும், கான்வென்டில் இதைச் சொல்லித் தரவில்லையா என்றும் கேட்டாள். உப்பங்காற்றில் குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் ஃபர்ம்வேர் கட்டி முடிந்தது. இடத்தில் ஒரு கைப்பிடி மிச்சம்கூட இருந்தது. அவள் அதைப் பெட்டிக்குள் ஏற்றினாள். பச்சை விளக்கு இரண்டு தரம் மின்னி, அணைந்து, அதற்குப் பிறகு எரியவே இல்லை.

செத்த பெட்டியை அந்த ஆட்கள் செங்கல் என்றுதான் சொல்வார்கள். அவள் கையில் இருந்தது செங்கல். அன்றைக்குக் கொண்டிச் சத்தம் பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாண்டிப் போனது, வீடு அமைதியாக இருந்தது, குழந்தை தொட்டிலில் தூங்கியது. அவள் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து, இனி அவன் கூப்பிட வழியே இல்லை, நானே அறுத்துவிட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காலையில் பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோய், சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று, செல்போனில் மறுபடி அந்த ஆட்களிடம் எழுதிக் கேட்டாள். பெட்டி சாகவில்லை, ஊமையாகியிருக்கிறது, மூடியைத் திற, உள்ளே வரிசையாக நான்கு சின்னத் துளைகள் இருக்கும், அதில் மூன்றில் வயர் வைத்தால் அதோடு பேசலாம் என்று ஒருவர் படம் போட்டு அனுப்பினார். வேதமணி ஈயம் பற்றவைக்கிற கோலையும் ஈயத்தையும், பெட்டியை லேப்டாப்போடு இணைக்க மதுரையிலிருந்து பஸ்சில் போட்டு வாங்கின ஒரு விரல்நீளக் கருவியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் கை நடுங்கும் மைனி, நீயே வை என்றான். இரண்டு முறை ஈயம் சிந்தியது. மூன்றாம் முறை வயர்கள் நின்றன. லேப்டாப்பில் எழுத்து ஓடத் தொடங்கியது, ஊமை வாய்திறந்து பேசுவதுபோல, கடகடவென்று. பெட்டி கண் விழித்த ஒரு விநாடிக்குள் ஒரு பொத்தானை அழுத்தி அதைத் தடுத்து நிறுத்தி, புது உயிரை ஊட்ட வேண்டும். பிந்தினால் மறுபடி செத்துவிடும். இடுப்பில் குழந்தை, ஒரு கையில் பிளக், ஒரு கை பொத்தானில். பதினான்கு தரம் பிந்தினாள். பதினைந்தாம் தரம் செரீனா தன் சின்னக் கையை அம்மா கைமேல் வைத்து அழுத்தினது, நேரம் சரியாக இருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. அதன் துடிப்பில் மூச்சின் கணக்கு இல்லை. வெறும் விளக்காக எரிந்தது.

புதுப் பாஸ்வேர்டு வைத்தாள், அதை எந்தச் சுவரிலும் எழுதவில்லை. வேலியோரம் நின்ற பெர்னத்தா அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "என் பெட்டிய மட்டும் தொட்டுராத, என்ன," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மணி எட்டானது. முதல் வீட்டுக் கொண்டி விழுந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதினாறு. பதினேழாம் வீட்டில் கொண்டி தூக்கப்பட்டது, விழுந்தது, மறுபடி தூக்கப்பட்டது, விழுந்தது. கதவு திறக்கவில்லை. அந்தத் தெருவில் அதுவரை எந்தக் கொண்டியும் இரண்டு தரம் விழுந்ததில்லை; சீரியல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஃப்ளாவியா," என்றது வெளியே கிளீட்டசின் குரல். "கதவு திறக்கல."

பெண்கள் கூடிவிட்டார்கள். ஜன்னல் வழியாக அவளுக்கு அவர்கள் தெரிந்தார்கள், நடுவில் அவனும் தெரிந்தான்: அதே தோள், அதே நெற்றித் தழும்பு, அவள் தைத்துக்கொடுத்த சட்டை. நான்கு மாதமாகக் காணாத முகம். அவள் கை தானாகக் கதவுப் பக்கம் போனது.

"புருசன் வாசல்ல நிக்காரு, நீ உள்ள நிக்கியே, இது எந்த ஊரு நியாயம்ளா," என்றாள் தெக்லா மைனி.

ஃப்ளாவியா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஃப்ளாவியா," என்றான், ஒரு மூச்சு பிந்தி. "மரிய ஃப்ளாவியா. பிறந்தது மார்ச் பதினொண்ணு. செரீனாவுக்குத் தடுப்பூசி அடுத்த புதன். உங்க அம்மாவுக்குச் சர்க்கரை முந்நூத்திப் பத்து." எல்லாம் சரி. அந்தப் பெட்டி வழியாகப் போனதும் வந்ததும் எல்லாம், ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல். அவன் சொல்லிக்கொண்டே போனான், கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பதுபோலச் சொன்னான், தெருப் பெண்கள் தலையை ஆட்டி ஆட்டி, பார், எல்லாம் தெரிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். அவள் கேட்டது மட்டும் அதில் வரவில்லை.

கூப்பிடாமல் வருகிற எதையும் விடாதே. அப்படியானால் கூப்பிட வேண்டும். அந்தத் தெருவில் ஒரு பெண்ணும் செய்யாததை அவள் செய்தாள். செல்போனை எடுத்தாள். அறுந்த வடம் ஒன்று எங்கோ கடலில் யார் கழுத்தையோ தேடி வீசுவதுபோல அவளுக்குக் கண் இருட்டியது; குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, கிளீட்டசின் பெயரை அழுத்தினாள். மணி போனது. போனது. போனது.

எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் "ஹலோ" என்றது. பிந்தவில்லை.

அவள் வாய் திறப்பதற்குள் அவனே பேசினான், எச்சரிக்கையாக, தெரியாத ஆளோடு பேசுவதுபோல. ஒரு மாதமாக ஒவ்வொரு வியாழனும் கூப்பிடுகிறேன், எடுத்துப் பேசுகிற குரல் ஃப்ளாவியாவின் குரல்தான், கேட்டதற்கெல்லாம் சரி சரி என்கிறது, நல்லா இருக்கோம் என்கிறது, ஆனால் ஒரு தரம்கூட என்னைத் திட்டவில்லை, நீ யார் என்று கேட்டான்.

"உங்களுக்கு அறிவு இருக்கா?" என்றாள் ஃப்ளாவியா. "குரல் சரியில்லன்னு தெரிஞ்சா ஆபீஸ்ல சொல்லி வேற வழியில தாக்கல் அனுப்ப வேண்டாமா? சட்டையில பித்தான் போச்சுன்னா எனக்கு மெசேஜ் போடத் தெரியுதுல்ல? ஒரு மாசம். நான் இங்க என்னன்னு நினைக்கிறது?"

அவன் எங்கோ நடந்து போனான், ஒரு இரும்புக் கதவு மூடினது, இரைச்சல் அடங்கியது.

"மிஸ்," என்றான் கிளீட்டஸ்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே அவன் குரலே அவன் சர்வீஸ் புத்தக நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"யாரு அங்க பேசுதது?"

"நீங்கதான்," என்றாள். "வாசல்ல நிக்கிறீங்க. உள்ள விடச் சொல்லித் தெருவே நிக்குது."

அவன் அதிகம் கேட்கவில்லை. கடலில் இருக்கிறவன், இதைவிட விசித்திரமானவற்றைக் கேட்டிருப்பான். தாழ்ப்பாள் போட்டிருக்கா என்று மட்டும் கேட்டான்.

"கொண்டிதான். நீங்க கடல்ல இருக்கும்போது எப்படிப் போட முடியும்?"

"நான் உள்ள வந்துட்டேம்லா மிஸ்," என்றான். "போடு."

செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஓலைச் சிலுவையை எடுத்துக் குழந்தை கையில் கொடுத்தாள். தாழ்ப்பாள் நான்கு மாதத்து உப்புக் காற்றில் துருவேறி நகர மறுத்தது. வெளியே கொண்டி மூன்றாம் தரம் தூக்கப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பெர்னத்தா அக்கா, தன் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டி நின்றவரைத் திரும்பிப் பார்க்காமல், ஃப்ளாவியாவைப் பார்த்து ஒரே ஒரு தரம் தலையை அசைத்தாள். ஃப்ளாவியா அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து தாழ்ப்பாளில் சாய்த்து, எண்ணெய் வழிகிற இரண்டு கையாலும், ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, தள்ளினாள்.

சத்தம் தெரு முழுவதும் கேட்டது. ஆள் வந்த சத்தமா, ஆள் போன சத்தமா என்று தெரியாமல், இருபத்தொரு வீட்டுக்காரர்களும் அப்படியே நின்றார்கள்.